உலகக் கோப்பை வெல்லாத சான்டி காஸோர்லாவை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: ஸ்பெயின் நடுக்கள வீரர்கள் என்றால் ஸாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ், ஸாபி அலோன்ஸோ என்று உலகக் கோப்பையைத் தூக்கியவர்களின் வரிசையே இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு லீக் பட்டம்கூட வாங்காத காஸோர்லாவை ரசிகர்கள் ஏன் அவர்களுக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார்கள்? அவருடைய கால்பந்து வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

பதக்கக் கணக்கு மட்டும் பார்த்தால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2008, 2012 என்று இரண்டு யூரோ கோப்பைகள், லண்டன் கிளப் ஆர்சனலோடு இரண்டு எஃப்.ஏ. கோப்பைகள் (இங்கிலாந்து கிளப்களுக்கான நாக்அவுட் போட்டி), கடைசிக் காலத்தில் கத்தாரில் சில பட்டங்கள். அவ்வளவுதான். ஆனால் அவர் ஆடிய காலம் முழுக்கப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காஸோர்லாவின் மிகப் பெரிய ஆட்டம் இதில் எந்தக் கோப்பைக்காகவும் ஆடியது இல்லை. நாற்பது வயதில், ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனில், தன்னை வளர்த்த ஊர் கிளப்புக்காக ஆடியது. அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் ஒரு காலையே இழக்க இருந்தார்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. காஸோர்லாவுக்கு எது வலுவான கால் என்று இன்றுவரை ரசிகர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கார்னரை ஒரு பக்கம் வலது காலாலும் மறுபக்கம் இடது காலாலும் அடிப்பார். ஃப்ரீ கிக்குக்கும் அதே கதைதான். இது ஏதோ அழகுக்காகச் செய்கிற வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. நடுக்களத்தில் ஒரு வீரரிடம் பந்து வரும்போது, அவரை மறிக்க ஓடி வருகிறவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருவார்: இவனுக்கு வலது கால்தான் பலம், அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டால் இடது பக்கம் திரும்பித் தடுமாறுவான், அப்போது பறித்துவிடலாம். காஸோர்லாவிடம் அந்தக் கணக்கு செல்லாது. எந்தப் பக்கத்தை அடைத்தாலும் மறுபக்கம் அதே வேகத்தில் திறந்துகொள்ளும்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். பந்து வந்து சேர்வதற்கு முன்பே அவர் தோள் லேசாக ஒரு பக்கம் சாயும். மறிக்க வருகிறவர் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்துவிடுவார். அந்த ஒரு அடிதான் அவருக்கு வேண்டியது. பந்தை உள்ளங்காலால் இழுத்து எதிர்ப்பக்கம் திரும்பிப் போய்விடுவார். 168 சென்டிமீட்டர் உயரம், ஓட்டத்தில் பெரிய வேகமும் கிடையாது. அப்படியிருந்தும் நெரிசலான இடத்தில் அவரிடமிருந்து பந்தைப் பறிப்பது பெரும்பாடு. இத்தனையும் முகத்தில் சிரிப்போடு நடக்கும். தெருவில் ஆடுகிற பையனின் சிரிப்பு அது, முப்பது வயது தாண்டியும் போகவில்லை.

பிறந்தது 1984 டிசம்பர் 13, வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் மாகாணத்தில், ஒவியேதோ நகரத்தை ஒட்டிய யானேரா பகுதியில். மழையும் பச்சை மலைகளுமான அந்த ஊர்ப் பையன்களுக்கு ரியல் ஒவியேதோவின் நீலச் சட்டைதான் கனவு. காஸோர்லாவும் சிறுவனாக இருக்கும்போதே அதன் இளையோர் அணிக்குள் வந்துவிட்டார். எல்லாம் சரியாக நடந்திருந்தால் பதினெட்டு பத்தொன்பது வயதில் மூத்த அணியில் ஆடியிருப்பார்.

2003-ல் கிளப் இடிந்து விழுந்தது. ஆட்டத்தில் தோற்று ஒரு டிவிஷன் இறங்கியது. வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி தீராததால் தண்டனையாக இன்னொரு டிவிஷனும் கீழே தள்ளப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் டிவிஷனில் ரியல் மாட்ரிட், பார்சிலோனாவோடு மோதிய அணி, நான்காம் நிலைக்குப் போய்விட்டது. இளம் வீரர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். காஸோர்லா ஒவியேதோவின் முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல், கிழக்குக் கரைப் பக்கம் வியாரியாலுக்குப் போனார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

வியாரியால் சின்ன ஊர், ஓடு செய்கிற தொழிற்சாலைகளுக்குப் பேர் போனது. ஆனால் அந்தக் காலத்தில் ரிக்கெல்மே, ஃபோர்லான், மார்கோஸ் சென்னா என்று அருமையான அணி வைத்திருந்தது. இவ்வளவு பேருக்கு நடுவே ஒரு இளைஞனுக்கு இடம் கிடைப்பது கடினம். அதனால் 2006-ல் ரெக்ரியாத்திவோ தே உவெல்வாவுக்கு விற்கப்பட்டார், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை வியாரியால் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஸ்பெயினின் மிகப் பழைய கிளப் அது, 1889-ல் தொடங்கியது. பயிற்சியாளர் மார்செலினோவும் அஸ்தூரியாஸ்காரர்தான். அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்த அந்த அணி எட்டாவது இடம் பிடித்தது, ரியல் மாட்ரிட்டை அவர்களுடைய பெர்னபேயு மைதானத்திலேயே 3-0 என்று வென்றது. ஒரே வருஷத்தில் வியாரியால் காஸோர்லாவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2007-08 லீக்கில் வியாரியால் இரண்டாம் இடம், ரியல் மாட்ரிட்டுக்கு அடுத்தபடி, பார்சிலோனாவுக்கு மேலே.

அந்த வருஷமே தேசிய அணி. 2008 மே கடைசியில் முதல் ஆட்டம், மூன்று வாரம் கழித்து யூரோ காலிறுதி. வியன்னாவில் இத்தாலிக்கு எதிராக 0-0, பெனால்டி ஷூட்அவுட். முக்கியப் போட்டிகளின் காலிறுதியில் தடுக்கி விழுவது ஸ்பெயினுக்கு அதுவரை சாபம் மாதிரி. எதிரே கோல் வாசலில் புஃப்போன். ஸ்பெயினின் இரண்டாவது பெனால்டியை அடிக்க வந்தவர் அணிக்குள் வந்து ஒரு மாதம்கூட ஆகாத 23 வயது காஸோர்லா. கோல். இறுதி ஆட்டத்திலும் டேவிட் சில்வாவுக்குப் பதிலாக இறங்கினார். ஸ்பெயின் அடுத்த நான்கு வருஷம் உலகையே ஆண்டதற்கு அந்த ஷூட்அவுட்தான் வாசல் திறந்தது என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

அப்படியானால் 2010 உலகக் கோப்பை? அந்த சீசன் காயத்திலேயே போனது. பட்டியலில் பெயர் வரவில்லை. ஒரே ஒரு வருஷ உடல்நிலை, அவ்வளவுதான் இடைவெளி. 2012 யூரோவில் மாற்று வீரராக இருந்தார். 2014 உலகக் கோப்பைக்குப் போனபோது அந்தப் பொற்காலம் முடிந்துவிட்டது, ஸ்பெயின் குழுச் சுற்றோடு திரும்பியது. ஸாவி, இனியெஸ்டா, ஃபாப்ரெகாஸ், சில்வா என்று ஒரே தலைமுறையில் இத்தனை நடுக்களக்காரர்கள் இருந்த அணியில் 81 ஆட்டம் ஆடியதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த அணியே அவரைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும்.

இடையில் தெற்கு ஸ்பெயினின் மலாகாவில் ஒரு வருஷம். கத்தார் ஷேக் ஒருவரின் பணத்தில் எழுந்த அணி, பயிற்சியாளர் பெயெக்ரினி. 2011-12 லீக்கில் நான்காம் இடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீக் தகுதி வாங்கியது. உடனே பணத் தட்டுப்பாடு வந்து வீரர்களை விற்க வேண்டிய நிலை. 2012 ஆகஸ்டில் காஸோர்லா ஆர்சனலுக்கு வந்தார். அதே மாதம் ராபின் வான் பெர்சி மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போனார். ஆர்சனல் ரசிகர்கள் நொந்துபோயிருந்த நேரம் அது, ஒவ்வொரு வருஷமும் நல்ல வீரரை விற்கிறார்களே என்று. வந்த முதல் சீசனிலேயே காஸோர்லா 38 லீக் ஆட்டத்திலும் ஆடி 12 கோல் அடித்தார். ரெடிங் அணிக்கு எதிராக ஹாட்ரிக். சீசன் முடிவில் ரசிகர்கள் அவரைத்தான் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த சீசனின் நடுவே, 2012 நவம்பரில் ஒவியேதோவிலிருந்து செய்தி வந்தது. சில நாட்களுக்குள் ஏறக்குறைய 20 லட்சம் யூரோ திரட்டாவிட்டால் கிளப்பை மூடவேண்டியதுதான். கிளப் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க ஆரம்பித்தது. உலகம் முழுக்க, ஒவியேதோ வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆயிரக்கணக்கான பேர் பங்கு வாங்கினார்கள். ஒவியேதோவின் இளையோர் அணியில் வளர்ந்த காஸோர்லா, ஹுவான் மாட்டா, மிச்சு, அட்ரியான் நான்கு பேரும் வாங்கினார்கள். கடைசி நேரத்தில் மெக்ஸிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிம் 20 லட்சம் யூரோ போட, கிளப் பிழைத்தது. அடுத்த இரண்டு வாரத்தில் ஸ்வான்ஸி அணி ஆர்சனலின் மைதானத்துக்கு வந்து 2-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. இரண்டு கோலும் மிச்சு அடித்தது, எதிர்ப்பக்கம் நின்றவர் காஸோர்லா. ஊர் கிளப்பைக் காப்பாற்றத் தோள் கொடுத்த இரண்டு பேர் லண்டனில் எதிரெதிராக.

2014 மே 17, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், வெம்ப்ளி. ஒன்பது வருஷமாக ஆர்சனலுக்கு ஒரு கோப்பையும் இல்லை. நம்மூரில் இரவு ஒன்பதரை. பத்து நிமிஷம் முடிவதற்குள் ஹல் சிட்டி 2-0. மூன்றாவதும் விழ இருந்ததை கோல் கோட்டில் நின்று ஆர்சனலின் கிப்ஸ் தலையால் வெளியே தள்ளினார். நான் டிவியை அணைக்க எழுந்துவிட்டேன். 17-வது நிமிஷம் ஒரு ஃப்ரீ கிக், கோலிலிருந்து நல்ல தூரம். காஸோர்லா வலது காலால் அடித்தார், சுவருக்கு மேலே போய் வளைந்து மேல் மூலையில் இறங்கியது. கோல்கீப்பரின் கை பட்டும் நிற்கவில்லை. அன்றைக்குக் கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அடித்தவர் ராம்ஸி, அதனால் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்த ஃப்ரீ கிக் உள்ளே போயிருக்காவிட்டால் ஆட்டம் அரைமணியிலேயே முடிந்திருக்கும்.

அதைவிடவும் எனக்குப் பிடித்தது 2015 ஜனவரி 18, எதிஹாத் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டம். முந்தைய சீசனில் பெரிய அணிகளின் மைதானங்களில் ஆர்சனல் வாங்கிய அடி: சிட்டியிடம் 6-3, செல்ஸியிடம் 6-0, லிவர்பூலிடம் 5-1. இந்த முறை ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் காஸோர்லாவைத் தாக்குதல் வரிசையிலிருந்து கீழே இறக்கி, கோக்லானுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கோக்லான் பந்தைப் பறிப்பார், காஸோர்லா அதைப் பத்திரமாக வெளியே கொண்டுபோவார். சிட்டியின் மறிப்பு அவரிடம் வந்து கரைந்துகொண்டே இருந்தது. இரண்டு பேர் சூழ்ந்தால் ஒரு திருப்பம், மூன்றாவது ஆள் வருவதற்குள் பாஸ். பெனால்டியில் ஒரு கோல் அடித்தார், இன்னொன்றுக்கு ஃப்ரீ கிக்கில் ஜிரூவின் தலைக்குப் பந்தைக் கொடுத்தார். 2-0. முப்பது வயதில் புது இடத்தில், அந்த இடத்துக்கே பிறந்தவர் மாதிரி ஆடினார். அந்த மே மாதம் இரண்டாவது எஃப்.ஏ. கோப்பையும் வந்தது.

அடுத்த சீசனில், 2015 நவம்பர் கடைசியில் நாரிச் மைதானத்தில் முழங்காலில் காயம். லெஸ்டர் பட்டம் வென்ற, ஆர்சனல் இரண்டாம் இடம் வந்த சீசன் அது. காஸோர்லா முழுசாக ஆடியிருந்தால் பட்டம் வந்திருக்குமா என்று ஆர்சனல் ரசிகர்கள் கூடினால் இன்றும் பேச்சு வரும். வந்திருக்கும் என்கிற பக்கம்தான் நான்.

இனி வருவது கேட்கவே கஷ்டமான பகுதி. 2013-ல் சிலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் வலது கணுக்காலில் அடி பட்டிருந்தது. அந்த வலியோடுதான் இத்தனை வருஷமும் ஆடினார். 2016 அக்டோபர் 19, லுடோகோரெட்ஸ் அணியை ஆர்சனல் 6-0 என்று வென்ற இரவு, வலி தாங்காமல் வெளியே வந்தார். ஆர்சனல் சட்டையில் அதுதான் கடைசி. அறுவை சிகிச்சை நடந்தது. தையல் போட்ட இடம் ஆறவில்லை, மறுபடி மறுபடி திறந்துகொண்டது. மறுபடி அறுவை சிகிச்சை, மறுபடி தையல், எட்டு முறைக்குக் குறையாமல். உள்ளே கிருமி தொற்றியிருந்தது. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாரில் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு அது அரித்துத் தின்றுவிட்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னதாக அவரே பின்னால் சொன்னார். காலை எடுக்கவேண்டி வரலாம் என்ற நிலைமையும் இருந்தது.

2017-ல் வட ஸ்பெயினின் விட்டோரியா நகரத்தில் மிகேல் சான்செஸ் என்ற மருத்துவரிடம் போனார். கிருமியைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து, தசைநாரைத் திரும்பக் கட்டினார்கள். புண்ணை மூடத் தோல் போதவில்லை. இடது முன்கையிலிருந்து ஒரு துண்டு தோலை வெட்டி கணுக்காலில் ஒட்டினார்கள். அந்தக் கையில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். அந்தப் பெயரில் ஒரு பகுதி இப்போது கணுக்காலில் இருக்கிறது. 2017 நவம்பரில் ஸ்பானிய நாளிதழ் ‘மார்கா’வில் அந்தப் படம் வந்தபோதுதான் வெளியுலகத்துக்கு எவ்வளவு மோசமாக இருந்தது என்று தெரிந்தது. கைத்தழும்பையும் கால் தழும்பையும் சேர்த்துப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

பிறகு சாலமாங்காவில் மாதக்கணக்கில் பயிற்சி. முதலில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், பிறகு பந்து. 2018 கோடையில் ஆர்சனல் ஒப்பந்தம் முடிந்தது. வியாரியால் கதவைத் திறந்தது: வந்து எங்களோடு பயிற்சி எடு, உடம்பு ஒத்துழைத்தால் பார்ப்போம் என்று. ஜூலை 17-ம் தேதி எர்குலெஸ் அணியோடு ஒரு நட்பு ஆட்டத்தில் இறங்கினார், 636 நாள் கழித்து. ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டார்கள். அறிமுக விழாவில் மைதானத்தின் நடுவே காலியான ஒரு கண்ணாடி உருளை, மாயவித்தைக்காரர் ஒருவர் புகையை நிரப்ப, புகை விலகியதும் உள்ளே காஸோர்லா சிரித்துக்கொண்டு நின்றார்.

விழாவோடு முடிந்திருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 2019 ஜனவரி 3-ம் தேதி ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். 2-2 என்று சமன் செய்த இரண்டாவது கோல் தலையால் முட்டியது, அதுவும் 168 சென்டிமீட்டர்காரர். அந்தக் கோடையில் தேசிய அணிக்குத் திரும்ப அழைத்தார்கள். அதற்கடுத்த சீசனில் லீக்கில் 11 கோல், வியாரியால் ஐந்தாம் இடம். ஓட முடியாது என்றவர் 35 வயதில் தன் வாழ்க்கையின் சிறந்த சீசன்களில் ஒன்றை ஆடிவிட்டார். 2020-ல் கத்தாரின் அல் சத் போனார், அங்கே பயிற்சியாளர் பழைய தோழர் ஸாவி. மூன்று வருஷம், இரண்டு லீக் பட்டம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

2023 ஆகஸ்டில், 38 வயதில், ஒவியேதோவுக்கு வந்தார். இருபது வருஷம் கழித்து. சம்பளமே வேண்டாம் என்றுதான் நினைத்தார். தொழில்முறை வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது லீக் விதி, அதனால் அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். தன் பெயர் போட்ட சட்டை விற்பனையில் பத்து சதவீதம் இளையோர் அணிக்குப் போகவேண்டும் என்று கேட்டார். தான் வளர்ந்த இடத்துக்கு.

கிளப் அப்போது இரண்டாம் டிவிஷன் வரை ஏறி வந்திருந்தது. முதல் வருஷமே, முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே ஆஃப் இறுதிக்குப் போனது. இரண்டு ஆட்டம், மொத்தக் கோல்தான் கணக்கு. சொந்த மைதானத்தில் எஸ்பான்யோலை 1-0 என்று வென்று, பார்சிலோனாவில் 2-0 என்று தோற்றது. 39 வயது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு வருஷம் ஆடினார். 2025-ல் மீண்டும் பிளே ஆஃப். அல்மேரியாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் அணி பின்தங்கி நின்றபோது ஒரு ஃப்ரீ கிக்கை நேராக கோலுக்குள் அனுப்பினார். இறுதியில் எதிரணி மிராண்டேஸ். முதல் ஆட்டம் 1-0 தோல்வி. ஜூன் 21, சொந்த மைதானமான கார்லோஸ் தார்த்தியேரேயில் இரண்டாவது ஆட்டம். அதிலும் முதல் கோல் மிராண்டேஸுக்கு. மொத்தத்தில் 2-0 பின்னடைவு. முதல் பாதி முடியும் முன் ஒவியேதோவுக்கு ஒரு பெனால்டி. பந்தை எடுத்து வைத்தவர் காஸோர்லா.

நான் அதை நம்மூர் நேரப்படி நடு இரவில் பார்த்தேன். 23 வயதில் புஃப்போனுக்கு எதிராக அடித்தவர், அதே மாதிரி நிதானமாக வந்து அடித்தார். கோல். இரண்டாம் பாதியில் இலியாஸ் ஷாய்ரா, கூடுதல் நேரத்தில் போர்ட்டியோ. 3-1. 24 வருஷத்துக்குப் பிறகு ஒவியேதோ முதல் டிவிஷனில். மைதானத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதார் காஸோர்லா. அரங்கம் முழுக்க நீலம். அந்தக் கூட்டத்தில் பலர் 2003-ல் நான்காம் நிலை ஆட்டங்களுக்கும் டிக்கெட் வாங்கிப் போனவர்கள்.

அடுத்த சீசனுக்கும் ஒப்பந்தத்தை நீட்டினார். ஆகஸ்ட் 15-ம் தேதி முதல் டிவிஷனில் ஒவியேதோவின் முதல் ஆட்டம் எங்கே விழுந்தது தெரியுமா? வியாரியால் மைதானத்தில். அந்தப் பையனுக்கு 2003-ல் இடம் கொடுத்த அதே ஊர்.

அவரைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: கோல் தொகுப்பு வீடியோவில் ஆரம்பிக்காதீர்கள், அதில் அவர் தெரிய மாட்டார். 2015 எதிஹாத் ஆட்டத்தை முழுதாகத் தேடி எடுங்கள். பந்தை விட்டுவிட்டு, ஒரு பத்து நிமிஷம் 19-ம் எண் சட்டையை மட்டும் பின்தொடருங்கள். பந்து வருவதற்கு முன் அந்தத் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.